விஸ் பிஸ்டலில் மூன்று லீவர், ஒன்றுகூட சேஃப்டி இல்லை

பழக்கமில்லாத பிஸ்டல் ஒன்றைக் காலி என்று உறுதி செய்த பிறகு பயிற்சிக்கு வந்தவர் கையில் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் வலது கட்டைவிரல் நேராகச் சட்டத்தின் (கைப்பிடியும் ட்ரிகரும் உள்ள அடிப்பகுதி) இடதுபக்கப் பின்மூலைக்குத்தான் போகும். அங்கே ஒரு லீவர் தட்டுப்பட்டால் போதும், அதுதான் சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு, என்று முடிவே செய்துவிடுவார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கை பழகிய பழக்கம் அப்படி. ஆயுதப் பராமரிப்பு வேலையில் நான் அதிகம் பயப்படுவது இந்தப் பழக்கத்துக்குத்தான். துரு, தேய்ந்த ஸ்பிரிங் எல்லாம் அப்புறம்.

இதை விளக்க எனக்குத் தெரிந்து போலந்தின் விஸ் பிஸ்டலைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1930களின் தொடக்கத்தில் பியோத்ர் வில்னியெவ்சிட்ஸ், யான் ஸ்க்ஷிபின்ஸ்கி என்ற இருவர் வடிவமைத்தது. ராடோம் நகரின் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் தயாரானது. 9 மி.மீ. பாரபெல்லம் ரவுண்டு (தோட்டா), மேகசினில் எட்டு. 1935-இல் படைக்கு ஏற்கப்பட்டதால் 'மாதிரி 35' என்றும் சொல்வார்கள். முழுக்க இரும்பு, ஒரு கிலோவை ஒட்டிய எடை. அந்த எடையால் சுடும்போது உதைப்பு குறைவு. அந்தக் காலத்துச் சர்வீஸ் பிஸ்டல்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உள்ளே இருப்பது அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங்கின் வழி. சுட்டதும் பேரலும் (குழல்) ஸ்லைடும் (பேரலை மூடி முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதி) கொஞ்ச தூரம் ஒன்றாகப் பின்னால் போகும், பிறகு பேரலின் பின்முனை கீழே இறங்கி ஸ்லைடை விடுவிக்கும். அமெரிக்காவின் 1911 பிஸ்டலில் இதைச் செய்வது ஆடும் சின்ன இணைப்புத் துண்டு ஒன்று. விஸ்ஸில் அந்தத் துண்டு இல்லை. பேரலுக்கு அடியிலேயே சரிவாக வெட்டிய ஒரு பகுதி அந்த வேலையைச் செய்கிறது. தேய்மானத்துக்கு ஒரு உதிரி குறைவு.

சரி, இடதுபக்கத்துக்கு வருவோம். கைப்பிடித் தகட்டில் முக்கோணத்துக்குள் தொழிற்சாலையின் முதலெழுத்துகள் இருக்கும். அதற்கு மேலே மூன்று லீவர். ட்ரிகருக்கு மேலே நடுவில் இருப்பது ஸ்லைடு ஸ்டாப், மேகசின் தீர்ந்ததும் ஸ்லைடைத் திறந்தபடி பிடித்துக்கொள்ளும். ஸ்லைடின் பின்பகுதியில் இருப்பது டீகாக்கிங் லீவர். அதைக் கீழே அழுத்தினால் சுடும் ஊசி, ஹாமர் (ஊசியை அடிக்கும் சுத்தி) தொடாதபடி உள்வாங்கிக்கொள்ளும், ஹாமர் விழும், ரவுண்டு வெடிக்காது. மூன்றாவது, சட்டத்தின் பின்மூலையில், 1911-இல் சேஃப்டி இருக்கும் அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே உருவத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன் வேலை பிஸ்டலைப் பிரிக்கும்போது ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி வைப்பது. அவ்வளவுதான். ட்ரிகருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஹாமர் ஏறியிருக்கும்போது அதை மேலே தள்ளிவிட்டு "லாக் பண்ணிட்டேன்" என்று நினைப்பவர் கையில் இருப்பது சுடத் தயாரான துப்பாக்கி.

அப்படியானால் பாதுகாப்பே இல்லையா? இருக்கிறது. கைப்பிடியின் பின்னால் ஒரு கிரிப் சேஃப்டி உண்டு. உள்ளங்கை அழுத்திப் பிடித்தால்தான் சுடும். கீழே கிடக்கும் பிஸ்டலின் ட்ரிகரில் ஏதாவது மாட்டினால் அது காப்பாற்றும். சரியாகப் பிடித்த கையிடமிருந்து யாரையும் அது காப்பாற்றாது.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்றால், பொதுவாகச் சொல்லப்படும் காரணம் குதிரைப்படை. சவாரி செய்பவரின் ஒரு கையில் கடிவாளம். மற்றொரு கையால் மட்டுமே, ரவுண்டு சேம்பரில் (பேரலின் பின்முனையில் ரவுண்டு உட்காரும் அறை) இருக்கும்போதே ஹாமரை இறக்கி, உறைக்குள் போட வேண்டும். குலுங்கும் குதிரை மேல் ஹாமரைக் கட்டைவிரலால் பிடித்து மெதுவாக இறக்குவது விஷப்பரீட்சை, வழுக்கினால் வெடித்துவிடும். அதற்குத்தான் டீகாக்கிங் லீவர். திரும்பச் சுட வேண்டும் என்றால் கட்டைவிரலால் ஹாமரை ஏற்றினால் போதும். இது சிங்கிள் ஆக்‌ஷன் என்பதால், இறங்கிய ஹாமரை ட்ரிகர் தானாக ஏற்றாது. அன்றைய தேவைக்கு அது புத்திசாலித்தனமான விடை. வேறு துப்பாக்கியில் பழகிய இன்னொருவர் கைக்குப் போகும்போதுதான் வம்பு.

நம் படைகளிலும் காவல்துறையிலும் பல காலம் புழங்கிய 9 மி.மீ. பிஸ்டல் 1ஏ, இஷாப்பூரில் தயாரான பிரௌனிங் ஹை-பவர் வகை. அதில் சட்டத்தின் இடது பின்மூலையில் இருப்பது நிஜமான சேஃப்டி. அதில் கை பழகியவருக்கு விஸ்ஸைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நம் நாட்டில் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட ரகம் என்பதால் பொதுமக்களுக்கு இந்தக் கேள்வி எழாது. ஆனால் வெளிநாட்டில் கிளப்புக்குப் போகிறவர்கள், பழைய போர்க்கால ஆயுதம் வைத்திருக்கும் நண்பர் "சும்மா பிடிச்சுப் பாருங்க" என்று நீட்டும்போது, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி நீட்டப்படும் விஸ் பெரும்பாலும் ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தது. போருக்கு முன் போலந்துப் படைக்குக் கிடைத்தது 50 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. 1939-இல் ராடோமைப் பிடித்த ஜெர்மானியர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டது 3 லட்சத்துக்கும் மேல். பேரல்களை மட்டும் ஆஸ்திரியாவின் ஸ்டெயர் தொழிற்சாலையில் செய்தார்கள். உள்ளூர்த் தொழிலாளர்களை நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது: தொழிலாளர்கள் உதிரிகளைக் கடத்தி, போலந்தின் தலைமறைவுப் படைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1942-இல் அது வெளிப்பட்டது. அந்த அக்டோபரில் ராடோமில் பலரைப் பொது இடத்தில் தூக்கில் போட்டார்கள். இந்தப் பிஸ்டலைப் பற்றி எழுதும் யாரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

போர் நீள நீள, ஜெர்மானியர்கள் வேலையைச் சுருக்கினார்கள். தோளில் ஊன்றும் பின்கட்டை மாட்டும் பள்ளம் போயிற்று, அப்புறம் பிரிக்கும் லீவரும் போயிற்று. மெருகு முரடாயிற்று. ஆக, ஒரே பெயரில் மூன்று லீவர் விஸ்ஸும் உண்டு, இரண்டு லீவர் விஸ்ஸும் உண்டு. ஒன்றைப் பற்றிப் படித்துவிட்டு இன்னொன்றைக் கையில் எடுப்பது நடக்கக்கூடியதுதான். அதனால் லீவரைத் தேடாதீர்கள். வாயை ஆபத்தில்லாத பக்கம் திருப்புங்கள், விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்கட்டும். முதலில் மேகசினைக் கழற்றுங்கள். அதன் பிறகு ஸ்லைடை இழுத்துத் திறந்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டும் பாருங்கள். வரிசை மாறி, ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டு மேகசினை அப்புறம் எடுத்தால், சேம்பரில் புதிய ரவுண்டு ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். விபத்துகளில் பாதிக்கதை இதுதான் என்று ஆயுதம் பராமரிக்கும் எந்த ஆர்மரரும் சொல்வார்.

போருக்குப் பிறகு போலந்து சோவியத் பாணிக்குப் போனது. பி-64, பி-83 இரண்டும் சின்ன உருவம், 9×18 ரவுண்டு. இவற்றில் ஸ்லைடு மேல் உள்ள லீவர் ஹாமரை இறக்கும், கீழேயே நின்று பூட்டாகவும் இருக்கும். பழைய விஸ்ஸின் லீவர் இருந்த அதே இடம், ஆனால் வேலை இரண்டு. பி-64-இன் முதல் ட்ரிகர் இழுப்பு எவ்வளவு கனம் என்பதைச் சுட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

இப்போது ராடோமிலிருந்து வருவது விஸ் 100. அலுமினியக் கலவைச் சட்டம், 15 ரவுண்டு, இரண்டு பக்கமும் டீகாக்கிங் லீவர். 2018-இல் போலந்துப் படை வாங்க ஒப்பந்தம் போட்டது. இதிலும் கையால் போடும் சேஃப்டி கிடையாது. பழைய விஸ்ஸில் ஹாமரை இறக்கிய பிறகு ட்ரிகரை இழுத்தால் ஒன்றும் நடக்காது. விஸ் 100-இல் ஹாமரை இறக்கிவிட்டு ட்ரிகரை இழுத்தால், இழுப்பு நீளமாக இருக்கும், கொஞ்சம் கனமாக இருக்கும், ஆனால் சுடும்.