நெகிழ்தகடு: ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

போன வருசம் எங்கள் வேனில் ஒரு சத்தம் தொடங்கியது. நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிட்டால், உள்ளே யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல ‘டக் டக்’ என்று கேட்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரைப் போட்டால் சத்தம் மாறும். சில வேளை நின்றே போகும். ஒரு கராஜில் காட்டினோம். எஞ்சினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பெயரிங் போய்விட்டது, முழுதாக இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார்கள். அந்தச் செலவைக் கேட்டு இரண்டு இரவு நித்திரை இல்லை.

என் மனைவியின் தம்பி மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன். ஞாயிற்றுக்கிழமை வத்தளைக்கு வந்து, முற்றத்தில் நின்ற வேனுக்குக் கீழே படுத்தான். நீளமான ஸ்க்ரூட்ரைவரின் முனையை எஞ்சினில் அங்கங்கே ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டுக்கொண்டே போனான். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பாரே, அப்படி. பிறகு வெளியே வந்து, “அத்தான், இது பெயரிங் இல்ல. சத்தம் பின்னால இருந்து வருது. ஃபிளெக்ஸ் பிளேட் வெடிச்சிருக்கு” என்றான்.

அந்தச் சொல்லை அன்றுதான் நான் கவனித்துக் கேட்டேன்.

ஓட்டோ கியர் வண்டியில், அதாவது கியர் தானாகவே மாறும் வண்டியில், எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே, எஞ்சினின் சுழலும் தண்டான கிரேங்க் தண்டின் பின் முனையில் போல்ட் போட்டு இறுக்கிய மெல்லிய உருக்கு வட்டம்தான் ஃபிளெக்ஸ் பிளேட். தோசைக்கல் அளவு இருக்கும். தடிப்பு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். நடுவில் கிரேங்குக்கான துளைகள் வளையமாக இருக்கும். விளிம்பைச் சுற்றிப் பற்கள். சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டர் கடித்துச் சுழற்றுவது இந்தப் பற்களைத்தான். பற்களுக்குச் சற்று உள்ளே, டோர்க் கொன்வேர்ட்டரைப் பூட்டும் துளைகள். எஞ்சினின் விசையை எண்ணெய் வழியாகக் கியர் பெட்டிக்குக் கடத்துவது அந்தக் கொன்வேர்ட்டர்தான். எஞ்சின் உண்டாக்கும் முறுக்கு விசை முழுவதும் இந்தத் தகட்டைத் தாண்டித்தான் சில்லுக்குப் போக வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் எஞ்சின் ஓடினால், தகடு விநாடிக்கு 50 தரம் சுற்றுகிறது.

மனுவல் கியர் வண்டியில் இதே இடத்தில் இருப்பது பிளைவீல். அது வேறு சாதி. வார்ப்பிரும்பில் செய்த பாரமான சில்லு அது; பாரம்தான் அதன் வேலை. எஞ்சின் துடித்துத் துடித்துத் தரும் விசையை வாங்கிச் சேமித்துச் சீராக விடும். கிளட்ச் உரசிப் பிடிப்பதும் அதன் முகத்தில்தான். ஓட்டோவில் கிளட்ச் அங்கே இல்லை. எண்ணெய் நிரம்பிய கொன்வேர்ட்டரே போதிய பாரம். ஆகவே நடுவில் இருக்கும் தகடு மெலிதாக இருக்கலாம்.

இருக்கலாம் என்று சொன்னால் போதாது, மெலிதாகத்தான் இருக்க வேண்டும். கொன்வேர்ட்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது அதன் உடல் இலேசாக உப்பும், முன்னே பின்னே அசையும். நடுவில் இருப்பது விறைத்து நின்றால் அந்தத் தள்ளல் ஒரு பக்கம் கிரேங்கின் பெயரிங்கிலும் மறுபக்கம் கியர் பெட்டியின் எண்ணெய்ப் பம்பிலும் விழும். தகடு மயிரிழை அளவு வளைந்து அதை வாங்கிக்கொள்கிறது, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆனால் சுழலும் திசையில் அது இம்மியும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு திசையில் இளக்கம், மறு திசையில் இறுக்கம். பெயரில் உள்ள ‘ஃபிளெக்ஸ்’ சொல்வது இதைத்தான்.

இந்த வேறுபாடு தெரியாமல் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு கடையில், “ஓட்டோ வேனுக்கு பிளைவீல் ஒன்று வேணும்” என்றேன். கொழும்பில் பல கராஜ்களில் எஞ்சினுக்குப் பின்னால் சுற்றுவது எதுவானாலும் பிளைவீல்தான். நானும் அப்படியே சொன்னேன். கடைக்காரர் உள்ளே போய், இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஒரு வார்ப்பிரும்புச் சில்லைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். மேசை அதிர்ந்தது. மச்சானுக்குப் படம் அனுப்பினேன். “அது மனுவல் வண்டிக்கு. டிரைவ் பிளேட் என்று கேளுங்க” என்று பதில் வந்தது. டொயோட்டாவின் திருத்தக் கையேடுகளில் இதன் பெயர் டிரைவ் பிளேட். ஜப்பான் வண்டிகளோடு புழங்குகிறவர்களுக்குச் சில வேளை அந்தப் பெயர்தான் பிடிபடும். அப்படிக் கேட்டதும் மெல்லிய தகடு வந்தது. அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? ஃபிளெக்ஸ் என்பதன் வேர் வளைத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினை, ஃபிளெக்டெரே. பிளேட் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது; அதற்கும் பின்னால் நிற்பது கிரேக்கத்தின் பிளாட்டுஸ், அதாவது அகன்றது, தட்டையானது. தமிழிலும் தட்டையில் இருந்து தட்டு வெகு தூரம் இல்லை. ஒலி கொஞ்சம் ஒத்துப் போகிறது என்பதற்காக இரண்டுக்கும் உறவு சொல்ல நான் வரவில்லை. தட்டையாக இருப்பதைப் பார்த்துப் பெயர் வைப்பது இரண்டு மொழிக்கும் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். டோர்க் என்பதும் லத்தீன்தான், முறுக்குதல் என்ற வினையில் இருந்து வந்தது. அந்தக் கொன்வேர்ட்டரின் மூலக் கருத்துக்கு ஜெர்மானியப் பொறியியலாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் காப்புரிமை பெற்றார். அவர் நினைத்தது காருக்கு அல்ல, கப்பலுக்கு. காருக்கு டோர்க் கொன்வேர்ட்டரோடு வந்த ஓட்டோ கியர்களில் பெயர் பெற்றது 1948இல் அமெரிக்கக் கார் நிறுவனமான பியூக் கொண்டு வந்த டைனஃப்ளோ.

கராஜில் புழங்கும் மற்றச் சொற்களையும் பாருங்கள். கொழும்பில் மெக்கானிக்கை ‘பாஸ்’ என்கிறோம். அது டச்சுக்காரர் விட்டுப் போன சொல். ஆங்கிலத்தின் ‘பொஸ்’ஸும் அதே டச்சுச் சொல்தான், அமெரிக்கா வழியாகப் போனது. சிங்கள பாஸ் ‘கியர் பெட்டிய’ என்பார். அந்தப் பெட்டி எங்கள் பெட்டி. இப்படிப் பல மொழி கலந்த இடத்தில் ஒரு தமிழ்ச் சொல்லைக் கொண்டுபோய் வைத்தால் அது ஒட்டாது என்று சிலர் சொல்வார்கள். பெட்டி ஒட்டியிருக்கிறதே.

அடுத்த சனிக்கிழமை கியர் பெட்டியை இறக்கினோம். பற்றரி வயரைக் கழற்றி, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, நல்ல ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினோம். செங்கல் அடுக்கி அதன்மேல் வண்டியை வைத்து அடியில் படுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். செங்கல் நொறுங்கும்போது முன்கூட்டிச் சொல்லாது. எண்ணெயை வடித்து, புரொப்பலர் தண்டைக் கழற்றி, எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய்களையும் வயர்களையும் பிரித்து, ஸ்டார்ட்டரை எடுத்தோம். கொன்வேர்ட்டரின் போல்ட்டுகளுக்கு அந்த ஸ்டார்ட்டர் ஓட்டை வழியாகத்தான் கை போகும். முன்னால் நான் எஞ்சினை ஸ்பானரால் மெல்லத் திருப்ப, ஒவ்வொரு போல்ட்டாக அவன் முன்னே வந்தது. மச்சான் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தான்: பெட்டி பின்னே போகும்போது கொன்வேர்ட்டரும் அதோடு சேர்ந்தே போக வேண்டும், முன்னே நழுவக் கூடாது.

பெட்டி விலகியதும் டோர்ச் அடித்துப் பார்த்தோம். தகட்டின் நடுத் துளைகளைச் சுற்றி ஒரு வெடிப்பு. ஒரு துளையில் தொடங்கி அடுத்ததுக்குப் போய், அதிலிருந்து அதற்கடுத்ததுக்கு, பிறை மாதிரி வளைந்து போயிருந்தது. வெடிப்பின் இரு கரையும் ஒன்றோடு ஒன்று உரசி வெள்ளி போலப் பளபளத்தன; அருகில் துருத்தூள் செம்மண் நிறத்தில் படிந்திருந்தது. விரலால் அழுத்தினேன். ‘டக்’ என்றது. எஞ்சின் செத்துவிட்டது என்று எங்களை அழ வைத்த சத்தம் என் விரல் நுனியில் கேட்டது.

ஏன் வெடித்தது? முன்பு ஒருமுறை யாரோ இந்தப் பெட்டியை இறக்கியிருக்கிறார்கள். எஞ்சினையும் பெட்டியையும் நேராகப் பொருத்தி வைக்கும் இரண்டு குழாய்க் குச்சிகளில் ஒன்றைத் திரும்பப் போடவில்லை. பெட்டி இம்மியளவு சரிந்து பூட்டப்பட்டதால், தகடு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பக்கமாக வளைந்து வளைந்து ஓய்ந்திருக்கிறது. அது வளையத்தான் செய்யும், ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் அல்ல. தகட்டின் பெயரை விளங்கிக்கொண்ட ஒருவர் அந்தக் குச்சியைத் தேடி எடுத்துப் போட்டிருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது. எனக்குத் தமிழ்ப் பெயர் தேடும் எண்ணம் வந்ததும் அங்கேதான்.

முதலில் பின்பாதி. தட்டா, தகடா? தட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டும் கிளட்ச் தட்டும் நினைவுக்கு வரும். தடிப்பு எவ்வளவு என்று அந்தச் சொல் சொல்வதில்லை. தகடு என்றதும் மெல்லிய உலோகம் கண்ணில் நிற்கிறது. செட்டியார் தெருவில் பத்தர் தங்கத்தை அடித்து மெலிதாக்கினால் அது தகடு. மந்திரம் எழுதும் செப்பும் தகடு. மூன்று மில்லிமீற்றர் உருக்குக்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

முன்பாதிதான் சிக்கல். ‘வளைதகடு’ நேரடியாக இருக்கிறது, ‘வளைந்து கொடுத்தல்’ என்ற அழகான வழக்கும் பின்னால் நிற்கிறது. ஆனால் கராஜில் ‘தகடு வளைஞ்சு போச்சு’ என்றால் குப்பையில் போட வேண்டியது என்று அர்த்தம். வினைத்தொகையில் வளைந்த, வளைகின்ற, வளையும் மூன்றும் அடங்குவதால், நல்ல தகட்டுக்கும் கெட்ட தகட்டுக்கும் ஒரே பெயராகிவிடும். ‘மீள்தகடு’ எனக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் மீள்தன்மை என்று படித்த அதே மீள். ஆனால் மீள்குடியேற்றம், மீள்பதிவு என்று இன்று அந்த மீள் ‘மறுபடியும்’ என்ற பொருளுக்கே போய்விட்டது. மறுபடி போட்ட தகடா என்று கேட்பார்கள். டிரைவ் பிளேட்டை ஒட்டிச் ‘செலுத்துதகடு’ எனலாம். ஜப்பான் கையேட்டை மொழிபெயர்க்கிறவருக்கு அது பொருந்தும். இருந்தாலும் வளைந்து தாங்கும் குணம் அதில் விடுபட்டுப் போகிறது.

நெகிழ்தகடு என்பதே என் தெரிவு. மச்சான் உடனே மறுத்தான்: “நெகிழ்ந்தா கழண்டு போச்சு என்றுதானே அத்தான் அர்த்தம்?” நியாயமான கேள்வி. பழந்தமிழில் தலைவி மெலிந்தால் கைவளை நெகிழும், அதாவது கழலும். ஆனால் சொல் அங்கேயே நிற்கவில்லை. நெகிழ்வுத்தன்மை, நெகிழ்ந்து கொடுத்தல் என்று நாம் இன்று சொல்லும்போது, உடையாமல் இடம் கொடுப்பதைத்தான் சொல்கிறோம். இந்தத் தகடு செய்வதும் அதுவே.

பிளைவீலுக்கு நான் படித்த காலத்துத் தமிழ் ‘பறப்புச் சில்லு’. ஆங்கிலத்தின் ‘பிளை’யை அப்படியே பறக்கவிட்ட சொல் அது. அந்தச் சில்லு எங்கும் பறப்பதில்லை. மாணவனுக்கு அது என்ன செய்கிறது என்று ‘பறப்பு’ ஒன்றும் சொல்லித் தருவதில்லை. அதைப் பார்த்த பிறகுதான், சொல்லுக்குச் சொல் மாற்றாமல் பொருளின் வேலையில் இருந்து பெயர் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். விளிம்பில் உள்ள ரிங் கியருக்குப் பல்வளையம் என்று வைத்துக்கொண்டோம். அதில் யாருக்கும் சண்டை இல்லை.

எழுதும்போது ஒரு சின்னக் கவனம் வேண்டும். நெகிழ்தகடு ஒரே சொல், நடுவில் ஒற்று மிகாது. ஊறுகாயைப் போல இதுவும் வினைத்தொகை. ‘நெகிழ்த்தகடு’ என்று எழுதினால் பிழை. புதுத் தகட்டைப் பூட்டிய அன்று மச்சான் பழையதன் பின்புறத்தில் சோக்கட்டியால் பெயரையும் திகதியையும் எழுதிச் சுவரில் சாத்தி வைத்தான். அதில் ‘த்’ இருந்தது. விரலால் அழித்துவிட்டேன்.