ஹேண்ட் பிரேக் நட்டைத் திருகுவதற்கு முன்

மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவனுக்கு ஒரு வாடை நன்றாகப் பழகிப்போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊட்டியிலிருந்து இறங்கும் கார்கள் கல்லாறு தாண்டி ஊருக்குள் நுழையும்போது, கருகிய பிரேக் லைனிங் வாடை, அதாவது உரசி வண்டியை நிறுத்தும் பட்டையின் வாடை, அவற்றுக்கு முன்னால் வந்து சேரும்.

போன மே மாதம் அப்படித்தான் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. பின்பக்கம் வலது சக்கரத்தில் மட்டும் புகை. "பிரேக் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்கண்ணா. போன வாரம்தான் ஹேண்ட் பிரேக்கைக்கூட நானே டைட் பண்ணினேன்" என்றார் ஓட்டி வந்த தம்பி. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவர் செய்தது இதுதான். ஹேண்ட் பிரேக் லிவர் பத்து கிளிக் வரை மேலே வந்திருக்கிறது. வீடியோ பார்த்து, லிவருக்குக் கீழே இருக்கும் கேபிள் நட்டை மூன்று கிளிக்கில் பிடிக்கும் அளவுக்கு முறுக்கியிருக்கிறார். லிவர் கெட்டியாக நின்றது, அவருக்கும் திருப்தி.

லிவர் ஏன் மேலே வருகிறது என்று அவர் யோசிக்கவில்லை. பின்பக்கம் டிரம் பிரேக் உள்ள கார்களில், சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் ஷூ என்ற வளைந்த கட்டைகள் விரிந்து உரசித்தான் வண்டி நிற்கும். ஷூ மேல் இருக்கும் லைனிங் தேயத் தேய, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடும். அதைச் சரிக்கட்டத்தான் உள்ளே ஒரு அட்ஜஸ்டர் இருக்கிறது. சில கார்களில் கால் பிரேக் மிதிக்கும்போதும், சிலவற்றில் ஹேண்ட் பிரேக் இழுக்கும்போதும் அது ஒவ்வொரு பல்லாக நகர்ந்து ஷூவை வெளியே தள்ளும். தூசியும் துருவும் ஏறி அது சிக்கிக்கொண்டால் இடைவெளி அப்படியே வளரும், லிவரும் மேலே ஏறும். கேபிள் நீண்டுபோவதும் உண்டுதான். ஆனால் என்னிடம் வரும் பத்து வண்டியில் ஏழெட்டில் கோளாறு டிரம்முக்குள்தான் இருக்கிறது.

அவர் காரில் இடது அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றுவிட்டிருந்தது. வலது பக்கம் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. நட்டை முறுக்கியதும் இரண்டு கேபிளும் சேர்ந்து இழுபட, ஒழுங்காக இருந்த வலது ஷூ டிரம்மை ஓயாமல் உரச ஆரம்பித்தது. கோவை ரோட்டில் ஓட்டினால் இது தெரியாது. மைலேஜ் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மலையில் தெரிந்துவிடும்.

ஊட்டி 2,200 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 சொச்சம். ஆயிரம் கிலோ கார் ஒன்று அங்கிருந்து இங்கே இறங்கும்போது, இழக்கும் உயரத்தை எல்லாம் வெப்பமாகக் கணக்குப் போட்டால் 55 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இன்ஜினும் காற்றும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்குகிறவர்களுக்கு இன்ஜின் பங்கும் பிரேக்கின் தலையில்தான் விழும். ஏற்கெனவே உரசிக்கொண்டிருக்கும் ஒரு ஷூவுக்கு இது தாங்குமா?

அந்தக் காரின் பிரேக் ஆயில் மாற்றி நாலு வருஷமாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே அளவு 140க்கு இறங்கிவிடும். டாட் 4க்கு இது 230, 155. ஷூவைத் தள்ளும் சக்கரத்துச் சிலிண்டரில் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி நிற்கும், மிதித்த பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அந்தத் தம்பிக்குக் கடைசி இரண்டு வளைவில் அது தொடங்கியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுங்கள் என்று நான் சொன்னால், வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்று சிரிக்கிறார்கள்.

சரி, வீட்டிலேயே செய்ய ஆசைப்படுகிறவர்களை நான் தடுக்கவில்லை. வரிசை மாறக் கூடாது.

சமதரையில் நிறுத்தி, முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கல் முட்டுக் கொடுங்கள். பின்சக்கர வேலைக்கு ஹேண்ட் பிரேக்கை இறக்கித்தானே ஆக வேண்டும், காரைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கல்தான். ஸ்டெப்னி மாற்றக் கொடுத்த ஜாக்கியை நம்பிக் கீழே கையையோ தலையையோ விடாதீர்கள், ஸ்டாண்டு போட்டுத் தாங்குங்கள். செங்கல் அடுக்கித் தாங்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும், செங்கல் சொல்லாமல் பிளந்துவிடும்.

டிரம்மைக் கழற்றினால் தூசி கொட்டும். வாயால் ஊதாதீர்கள், கம்ப்ரசர் ஏர் பிடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகக்கவசம் போட்டு ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். டிரம் வரவில்லை என்றால் சுத்தியலால் விளாசாமல் பாருங்கள், பல கார்களில் அதற்கென்றே மரை போட்ட இரண்டு ஓட்டை இருக்கும், போல்ட் விட்டு முறுக்கினால் தானாகக் கழன்று வரும். சில மாடல்களில் டிரம்மோடு பேரிங்கும் சேர்ந்திருக்கும். நடு நட்டைக் கழற்ற வேண்டிய கார் என்றால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு வாருங்கள்.

டிரம் கழன்று கிடக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. சிலிண்டர் பிஸ்டன் வெளியே வந்து ஆயில் பீறிடும். கார் சும்மா நிற்கிறதே என்று சீட்டில் ஏறி விளையாடும் பிள்ளைகளை முதலில் இறக்கிவிடுங்கள்.

லைனிங் கனம், சிலிண்டர் ஓரத்தில் கசிவு, அட்ஜஸ்டர் சுழல்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். கசிவு இருந்தால் உங்கள் வேலை முடிந்தது, மீதி மெக்கானிக் வேலை. எல்லாம் சரியாக இருந்தால், கேபிள் நட்டைத் தளர்த்திவிட்டு, டிரம்மைப் போட்டு, லேசாக உரசும் வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, உரசல் போகும் வரை பின்னுக்கு விடுங்கள். இரண்டு பக்கமும் இப்படித்தான். பெடலை நாலைந்து தடவை அழுத்தி மிதித்து ஷூவை உட்கார வையுங்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் நட்டு. எத்தனை கிளிக் என்பது உங்கள் கார் கையேட்டில் இருக்கும். லிவரை முழுதாக இறக்கினால் இரண்டு பின்சக்கரமும் கையால் தள்ள லேசாகச் சுற்ற வேண்டும், ஏற்றினால் இரண்டும் ஒன்றுபோலப் பிடிக்க வேண்டும்.

அப்புறம் பிரேக்கை அதிகம் பிடிக்காமல் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து, நான்கு சக்கரத்துப் பக்கமும் கையை நீட்டிப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். பின்சக்கரம் இரண்டில் ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே உரசுகிறது.

முன்பக்க டிஸ்க் பிரேக்கில் பேடை, அதாவது டிஸ்க்கைக் கவ்வும் கட்டையை, மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிஸ்டனை உள்ளே தள்ளிப் புதுப் பேடு போட்டபின் முதல் மிதியில் பெடல் தரை வரை போகும். கெட்டியாகும்வரை நின்ற இடத்திலேயே மிதித்துவிட்டுக் காரை நகர்த்துங்கள். இதை மறந்து சொந்த வீட்டு காம்பவுண்டை இடித்தவர்கள் இரண்டு பேர் எனக்கே பழக்கம். பின்பக்கம் டிஸ்க் பிரேக்கும் ஹேண்ட் பிரேக்கும் ஒரே காலிப்பரில் (பேடை அழுத்தும் பாகம்) இருந்தால், பல கார்களில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப முடியும், அழுத்தினால் உள்ளே உடையும். பட்டன் அழுத்தினால் மோட்டார் பிடிக்கும் ஹேண்ட் பிரேக் கார்களுக்கு, அந்த மோட்டாரைப் பின்னுக்கு இழுத்து வைக்கும் சர்வீஸ் மோடுக்குப் போகாமல் கை வைக்கவே கூடாது.

அந்தத் தம்பிக்கு இரண்டு பக்கமும் ஷூ மாற்றி, இடது அட்ஜஸ்டரைக் கழுவிப் போட்டு, நீலம் பாய்ந்திருந்த வலது டிரம்மையும் மாற்றினேன். ஆயிலும் புதுசு. சூட்டோடு தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டார், டிரம் வெடித்துவிடும் என்று தடுத்தேன். அவர் முறுக்கிய நட்டைப் பின்னுக்கு விட்டதும், லிவர் ஆறாவது கிளிக்கில் தானாகவே பிடித்தது. அடுத்த மாதம் மழைக்காலத்தில் பத்து நாள் ஊருக்குப் போகிறேன், ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தலாமா என்று கிளம்பும்போது கேட்டார். வேண்டாம், ஈரத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், சமதரையில் கியரில் போட்டு இரண்டு கல் வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். டிக்கியைத் திறந்து காட்டினார். என் பட்டறை வாசலில் கிடந்த கல் இரண்டு ஏற்கெனவே உள்ளே இருந்தன.