அண்டக்கதிர் என்றால் என்ன?

"சித்தப்பா, சினார் கோஸ்மிக்குக்குத் தமிழில் என்ன சொல்வார்கள்?" என்று படிவம் 5 படிக்கும் அண்ணன் மகள் கேட்டாள். ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்த பிள்ளை. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் எல்லாம் மலாயில் வருவதால், இந்தச் சுங்கை சிப்பூட்டில் தமிழ்ச்சொல்லைக் கேட்க வீட்டில்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. விண்வெளியிலிருந்து பூமிக்கு வந்து விழும் அதற்கு அண்டக்கதிர் என்றேன். "அண்டம் என்றால் முட்டை இல்லையா?"

முட்டைதான். வடமொழியில் அது முட்டை. உலகமே ஒரு முட்டையிலிருந்து வந்தது என்ற பழைய எண்ணத்தில் பிரபஞ்சத்துக்கும் அதுவே பெயராகி, தமிழிலும் வேரூன்றிவிட்டது. கோஸ்மிக் என்பதற்கு மூலம் கிரேக்கத்தின் 'கோஸ்மோஸ்'. ஒழுங்கு, அலங்காரம் என்று பொருள். முகத்தில் பூசும் காஸ்மெட்டிக்கும் அங்கிருந்து வந்ததே.

சரி, கதிர்? வம்பே இங்கேதான். மின்னூட்டம் ஏற்றி மூடி வைத்த கருவிகூட மெல்ல மெல்ல மின்னூட்டத்தை இழந்தது. நிலத்திலுள்ள கதிரியக்கம் காற்றில் மின்சாரம் பாய வழி செய்வதுதான் காரணம் என்று பலர் நினைத்தார்கள். அப்படியானால் மேலே போகப் போகக் குறைய வேண்டுமே! 1912 ஆகஸ்ட் 7 அன்று ஆஸ்திரிய இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி 5,300 மீட்டர் உயரம்வரை போய் அளந்தார். குறையவில்லை, தரையில் இருந்ததைவிட மிகவும் கூடியிருந்தது. ஆக, அது மேலிருந்துதான் வருகிறது. அதற்காக 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. 1925இல் 'கோஸ்மிக் கதிர்' என்று பெயர் வைத்த அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன், அது காமா கதிர் போன்ற ஒளி வகை என்றே நம்பினார். ஆனால் ஜாவாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ஓடிய கப்பல்களில் கருவியோடு போன டச்சுக்காரர் யாக்கோப் கிளே, நம் பக்கம், பூமத்திய ரேகையை ஒட்டி வரும்போது அது குறைவதைக் கண்டார். பூமியின் காந்தம் ஒளியை வளைக்காது, மின்னூட்டமுள்ள துகளைத்தான் வளைக்கும். ஆக, வருவது துகள். ஏறக்குறைய 90 விழுக்காடு புரோட்டான், மீதியில் பெரும்பகுதி ஹீலியத்தின் அணுக்கரு. அது தெரியும் முன்பே கதிர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

மற்ற மொழிகளில் இது பிழையான பெயர். தமிழிலோ கதிர் என்றால் சூரியனின் கதிர் மட்டுமில்லை, நெற்கதிரும் கதிர்தான், மணி மணியாகத் திரண்டு நிற்பது. யாரும் திட்டமிட்டு வைக்காமலே நம் சொல் உண்மைக்குப் பக்கத்தில் போய் நிற்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

விண்கதிர் என்று எழுதுவோரும் உண்டு. நல்ல தமிழ்தான், ஆனால் வானத்திலிருந்து வரும் வெயிலையும் அப்படிச் சொல்லிவிடலாம். இந்தத் துகள்களில் பெரும்பாலானவை சூரியக் குடும்பத்துக்கு அப்பாலிருந்து வருவதால் அண்டக்கதிரே பொருத்தம் என்பது என் முடிவு.

அப்புறம், இதை எப்படிப் பிடிப்பது என்று கேட்டாள். ஆற்றல் மிகுந்த ஒரு துகள் மேலே காற்றில் மோதினால் உடைந்து லட்சக்கணக்கான துகள்களாகப் பொழியும். தோட்டத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு மழை என்பது பால்மரத்து மங்குகளில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தாலே தெரிந்துவிடும் இல்லையா, அதே வேலைதான். அர்ஜென்டினாவில் 3,000 சதுர கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,600 தண்ணீர்த் தொட்டிகளைப் பரப்பி வைத்து, அந்தத் துகள்கள் பாய்ந்ததில் எந்தத் தொட்டியில் எப்போது, எவ்வளவு ஒளி மின்னியது என்று கணக்கெடுத்து, முதலில் மோதிய துகள் வந்த திசையையும் ஆற்றலையும் சொல்கிறார்கள். இந்தியாவின் கோலார் தங்கவயலில், நம் மக்கள் நிறையப் பேர் இறங்கி உழைத்த சுரங்கத்தின் ஆழத்தில், அண்டக்கதிர் காற்றில் மோதிப் பிறக்கும், மின்னூட்டமே இல்லாத நுண்துகளான நியூட்ரினோவை 1965இல் கண்டார்கள்.

"இங்கேயும் விழுமா?" உள்ளங்கையை நீட்டச் சொன்னேன். அந்தப் பொழிவில் பிறந்த, எலக்ட்ரானைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான மியூவான் துகள்கள் வினாடிக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் துளைத்துப் போய்க்கொண்டிருக்கும் என்றேன். வெகுநேரம் கையை மடக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.