நிற்கத் தெரிந்த தறி

விசைத்தறியை ஓடவைப்பதைவிட, எப்போது நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியவைப்பதுதான் கடினம். ஒரு பாவு இழை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், அறுந்தாலும் தறி அதுபாட்டுக்கு ஓடும், துணியும் பழுதோடு நீண்டுகொண்டே போகும். அதனால் பக்கத்தில் ஓர் ஆள் கண்கொத்திப் பாம்பாக நின்றாக வேண்டும்.

ஜப்பானியத் தச்சர் ஒருவரின் மகன் சாகிச்சி டொயோடா இந்தக் காவல் வேலையைத் தறியிடமே ஒப்படைக்கப் பார்த்தார். 1891இல் ஒரு மரக் கைத்தறிக்குக் காப்புரிமை பெற்றவர் அவர். பல வருட முயற்சிக்குப் பிறகு, மகன் கிச்சிரோவின் பங்களிப்போடு, 1924இல் 'ஜி வகை' தானியங்கித் தறி உருவானது.

அதில் ஒவ்வொரு பாவு இழையின் மேலும் ஒரு மெல்லிய உலோகத் தகடு தொங்கும். இழை விறைப்பாக இருக்கும்வரை தகடு மேலேயே நிற்கும். அறுந்தால் பொத்தென்று விழும். கீழே முன்னும் பின்னும் அசையும் சட்டத்தில் அது சிக்கிக்கொள்ள, அந்தத் தடையே விசையைத் துண்டித்துவிடும். காவலுக்கு நிற்பது வெறும் புவியீர்ப்புதான்! ஊடைக்கு வேறு ஏற்பாடு: குறுக்கே வரும் நூல் ஒரு சிறு கவையைத் தள்ள வேண்டும், தள்ளவில்லையென்றால் தறி நின்றுவிடும்.

சரி, ஊடை நூலைச் சுமந்துகொண்டு குறுக்கே பாயும் நாடாவுக்குள் இருக்கும் தாரில், அதாவது நூல் சுற்றிய சிறு குழலில், நூல் தீர்ந்தால்? அமெரிக்காவின் நார்த்ராப் தறி ஏற்கெனவே தாரை மட்டும் தானாக மாற்றியது. டொயோடா தறி நாடாவையே மாற்றியது. நூல் தீரப்போவதை ஓர் உணர்கருவி கண்டுகொள்ளும். காத்திருக்கும் புது நாடா பழையதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். நொடிக்கு மூன்று தடவையாவது நாடா பாயும் தறியில், ஓட்டத்தை நிறுத்தாமல் இதைச் செய்ய வேண்டும். எனக்கு இந்தத் தறியில் ஆகப் பிடித்த பகுதி இதுதான்.

இதைத் தயாரிக்கவே 1926இல் குடும்பம் தனி நிறுவனம் தொடங்கியது. 1929இல், உலகுக்கே நெசவு இயந்திரம் விற்றுவந்த இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் 1,00,000 பவுண்டுக்கு இந்தத் தறியின் காப்புரிமையை வாங்க ஒப்பந்தம் போட்டது. தறிக் கம்பெனிக்குள் கிச்சிரோ தொடங்கிய வாகனப் பிரிவுதான் 1937இல் டொயோட்டா மோட்டார் ஆனது.

அப்புறம் நவீனத் தறிகளில் நாடாவே வழக்கொழிந்தது. அதே தறி நிறுவனம் இன்று விற்கும் காற்றுத் தறிகளில் ஊடையைக் காற்று வீசி அனுப்புகிறது. பாவின் மேல் தகடுகள் மட்டும் இன்னமும் தொங்குகின்றன. விழுந்தால் இப்போது மின்சுற்று தறியை நிறுத்துகிறது.