பார்க்க ஓர் இடம், படுக்க ஓர் இடம்: கோடை முகாமுக்குக் கிளம்பும் முன்

ஏப்ரல் பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். "சார், பிள்ளைங்களுக்கு லீவு. ஆத்தோரமா, கூட்டம் இல்லாம, டென்ட் போட ஒரு நல்ல இடம் சொல்லுங்க." குடும்பங்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு முகாம் கூட்டிப்போவது என் தொழில். இப்படி யாராவது கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஒரு ராத்திரிப் பயணத்தில் எட்டிவிடும் தூரத்தில் இத்தனை மலையும் காடும் இருக்கும்போது பிள்ளைகள் அதைப் பார்க்காமல் வளரக் கூடாது.

ஆனால் இடம் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுவேன். பார்க்க அழகான இடம் வேறு, படுத்துத் தூங்கும் இடம் வேறு. ஆற்று மணல், பாறை விளிம்பு, புல்மேட்டில் தனியாக நிற்கும் மரம், குளக்கரை என்று இன்ஸ்டாகிராம் படங்களில் டென்ட் நிற்பதெல்லாம் இந்த மாதிரி இடங்களில்தான். பகலில் அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருங்கள். இருட்டுவதற்குள் அங்கிருந்து வந்துவிடுங்கள்.

முதலில் தண்ணீர். கோடையில் ஆறு ஒடுங்கிக் கிடக்கும். ஓரத்தில் சமமான வெள்ளை மணல், கல்லே இருக்காது. டென்ட் போட இதைவிட நல்ல தரை கிடையாது என்று தோன்றும். ஏப்ரல், மே மாதங்களில் மலையில் மதியத்துக்கு மேல் இடிமழை கட்டும். உங்கள் தலையில் ஒரு சொட்டுகூட விழாமல் இருக்கலாம். மேலே காட்டுக்குள் ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், அவ்வளவும் உங்கள் ஓடைக்குத்தான் வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளத்தில் 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தது அப்படித்தான். அணைக்குக் கீழே இருக்கும் ஆறு என்றால் மழைகூடத் தேவையில்லை. பில்லூர் அணையில் மின் உற்பத்திக்குத் தண்ணீர் திறந்தால், மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் நீர்மட்டம் சட்டென்று ஏறும்.

ஆற்றங்கரைக்குப் போனதும் நான் முதலில் பார்ப்பது கரையோரப் புதர்களை. கிளைகளில் காய்ந்த செத்தை வைக்கோல் மாதிரி சுற்றிக்கொண்டு தொங்கும். நடுநடுவே கிழிந்த பாலிதீன், அறுந்த செருப்பு. எல்லாம் ஆறு ஓடும் திசையில் சாய்ந்திருக்கும். முன்பு வந்த வெள்ளம் ஏறிய மட்டம் அதுதான். தோள் உயரத்தில் செத்தை தொங்குகிறது என்றால், அதற்குக் கீழே இருக்கும் இடம் ஆற்றுக்குச் சொந்தம். அந்த மட்டத்துக்கு மேலே நன்றாக ஏறித்தான் டென்ட் போட வேண்டும். குளித்துக்கொண்டிருக்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் துணி, போன் எதையும் தேடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரை ஏறுங்கள்.

அடுத்தது யானை. வெயில் காலத்தில் அது தண்ணீரையும் நிழலையும் தேடி நடக்கிறது. நாமும் அதையேதான் தேடிப் போகிறோம். டென்ட் போடும் இடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். புதிய லத்தி (யானைச் சாணம்), பட்டை உரிந்த மரம், புதருக்குள் அகலமாக நீளும் தடம் இருந்தால் அங்கே தங்க வேண்டாம். பழம் தொங்கும் பலாமரத்தடி நல்ல நிழலாக இருக்கும். ஆனால் அந்த வாசனைக்கு யானையும் கரடியும் ராத்திரி வரும். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடி அருகே டென்டில் தங்கியிருந்த பெண் ஒருவரை யானை தாக்கிக் கொன்றது. சாப்பாட்டு வாசனை யானையை இழுக்கும் என்பதால் டென்டுக்குள் அரிசி, பழம், நொறுக்குத்தீனி எதுவும் வேண்டாம்.

காட்டுத்தீ பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணியில் காய்ந்த புல்லில் பற்றிய தீ இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. காய்ந்த புல்மேட்டில், குறிப்பாகச் சரிவில், டென்டும் வேண்டாம், கேம்ப்ஃபயரும் வேண்டாம். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்தை ஆளால் முந்த முடியாது.

எவ்வளவு உயரம் என்பதையும் யோசித்து முடிவு செய்யுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். சின்னக் குழந்தைகள் இருந்தால் ஏலகிரி, கொல்லிமலை, ஏற்காடு உயரமே போதும் என்பது என் கருத்து. கொடைக்கானலும் ஊட்டியும் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல்; மே மாதத்திலும் ராத்திரி டென்டுக்குள் நடுங்கும். நடுக்கத்துக்குக் கரி அடுப்பை உள்ளே இழுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். தடிமனான கம்பளியும் கீழே விரிக்க ஒரு பாயும் எடுத்துப் போங்கள். கொடைக்கானல், ஊட்டி இரண்டுக்கும் இ-பாஸ் வேண்டும். கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

அடிவாரத்தில் தங்கினால் எனக்குப் பெரிய கவலை கட்டுவிரியன். ராத்திரியில் தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். பல் பட்ட தடம் பல நேரம் தெரியாது, வலியும் இருக்காது. வயிற்றுவலி, அப்புறம் கண் இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது என்று போகும். அடித்தரை சேர்த்துத் தைத்த டென்டில், ஜிப்பை முழுக்க மூடித் தூங்குங்கள். கல் குவியல், விறகு அடுக்கு பக்கத்தில் வேண்டாம். விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் உள்ள ஆஸ்பத்திரி எது, ராத்திரியில் எவ்வளவு நேரமாகும் என்பதைப் போவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

சரி, எங்கேதான் போவது? முதல் தடவை போகும் குடும்பத்துக்கு வனத்துறை அல்லது அரசு நடத்தும் முகாம்களைத்தான் சொல்வேன். பரம்பிக்குளத்தில் கேரள வனத்துறை கூடாரங்கள் வைத்திருக்கிறது. நம் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போக வேண்டும். காட்டின் அழகு வேண்டுமென்றால் பிலிகிரிரங்கன் மலையில் உள்ள கே.குடி முகாம். ஆறு பிடித்தவர்களுக்குக் காவிரிக் கரையில் பீமேஸ்வரி. இவை இரண்டும் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நடத்துபவை. கோடையில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

தனியார் முகாம் என்றால், முன்பணம் அனுப்புவதற்கு முன் வீடியோ கால் போட்டு, டென்ட் வாசலில் நின்று சுற்றிலும் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். ஓடை எவ்வளவு பள்ளத்தில் இருக்கிறது, தலைக்கு மேல் பட்டுப்போன கிளை இருக்கிறதா, யானை அகழியோ சூரியமின் வேலியோ உண்டா, கழிப்பறைக்கு ராத்திரியில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று பாருங்கள். உரிமத்தின் நகலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.