பிளாஸ்மா ஏன் கசிந்து தீர்ந்துவிடுவதில்லை?

உறையாமல் தடுக்கும் சிட்ரேட் கலந்த குழாயில் ரத்தத்தை எடுத்து வேகமாகச் சுழற்றினால் அணுக்கள் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்து நிற்கும் வெளிர்மஞ்சள் திரவம்தான் பிளாஸ்மா. ரத்தத்தில் ஏறக்குறைய 55 சதவீதம் இதுதான். பெரியவர் ஒருவர் உடலில் சுமார் 3 லிட்டர் இருக்கும். அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்.

மிக நுண்ணிய ரத்தக்குழாய்களான தந்துகிகளின் சுவரோ ஒற்றைச் செல் தடிமன்தான். அதிலும் இடுக்குகள் உண்டு. தந்துகியின் தொடக்கத்தில் சுமார் 35 மி.மீ. பாதரச அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. எதிர்த்து இழுத்துப் பிடிப்பவை புரதங்கள். உப்பும் குளூக்கோஸும் சுவரைத் தாராளமாகக் கடந்து இருபுறமும் ஒரே அளவில் நிற்பதால் இந்த வேலைக்கு உதவா. பெரிய மூலக்கூறான புரதம் உள்ளேயே தங்கி, நீரைத் தன் பக்கம் ஈர்க்கிறது. அந்த ஈர்ப்பு ஏறக்குறைய 25 மி.மீ. தந்துகியின் மறுகோடியில் கசிந்த நீர் முழுவதும் உள்ளே திரும்புவதாகப் பழைய பாடநூல்கள் சொல்லும். பெரும்பாலான திசுக்களில் அப்படி நடப்பதில்லை. கசிவு குறைகிறது, அவ்வளவே. கசிந்ததை நிணநீர் நாளங்கள் ரத்தத்தில் கொண்டுவந்து சேர்க்கின்றன.

இந்த ஈர்ப்பில் பெரும்பங்கு அல்புமின் என்ற புரதத்துடையது. 100 மில்லி பிளாஸ்மாவில் 3.5 முதல் 5 கிராம் வரை இருக்கும். அதைத் தயாரிப்பது கல்லீரல் மட்டுமே. பழுதடைந்த சிறுநீரகம் அதைச் சிறுநீரில் ஒழுகவிட்டால் சிறுநீர் நுரைக்கும், காலையில் கண்ணிமை வீங்கும், கணுக்காலை அழுத்தினால் குழி விழும். கல்லீரல் சுருங்கிய நோயாளிக்கு வயிற்றில் நீர் கோப்பதிலும் இந்தக் குறைபாட்டுக்குப் பங்குண்டு. அல்புமின் பாதியாகக் குறைய 20 நாள் போலப் பிடிப்பதால், கல்லீரல் திடீரெனப் பழுதானாலும் முதல் சில நாள் பரிசோதனையில் அளவு சரியாகவே தெரியலாம். அதை நம்பி ஏமாறக் கூடாது.

நரம்பில் ஏற்றும் சலைன் 1 லிட்டரில் கால் பங்குதான் ரத்தக்குழாய்க்குள் நிலைப்பதும் இதனால்தான். அதில் புரதம் இல்லை. மீதி திசுக்களுக்குள் இறங்கிவிடுகிறது.

பிளாஸ்மாவையும் சீரத்தையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். ரத்தம் உறையும்போது ஃபைப்ரினோஜன் என்ற புரதம் நாராகி வலை பின்னிவிடும். அதன்பின் எஞ்சும் திரவமே சீரம். உறைதல் காரணிகளும் செலவாகிவிடுவதால் ரத்தப்போக்கை நிறுத்த அது பயன்படாது. அதற்குத் தேவை, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே உறையவைத்த பிளாஸ்மா. 37 டிகிரியில் உருக்கி ஏற்ற வேண்டும்; சூடு மிஞ்சினால் புரதம் கெட்டுவிடும். சிவப்பணு ஏற்றுவதோடு ஒப்பிட்டால் வகைப் பொருத்தமும் இங்கே தலைகீழ்: ஏ, பி வகை அணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் இல்லாத ஏபி வகைப் பிளாஸ்மாதான் எல்லாருக்கும் பொருந்தும், ஓ வகை அல்ல.