லைட் எரிந்தால் மெக்கானிக்கல் கீபோர்டா?

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "அண்ணே, மெக்கானிக்கல் கீபோர்டு. ஒரு சுவிட்ச் மட்டும் மாத்திக் குடுங்க" என்று போன வாரமும் ஒரு கல்லூரித் தம்பி வந்து நின்றார். கீகேப்பைப் பிடுங்கினால் உள்ளே சுவிட்சே இல்லை, வெள்ளை ரப்பர் குமிழ்தான். எதை மாற்றுவது?

கலர் லைட்டுக்கும் மெக்கானிக்கலுக்கும் சம்பந்தமே இல்லை. ரப்பர் ஷீட்டுக்கு அடியிலும் எல்இடி வைக்கலாம், வைக்கிறார்கள். டப்பாவில் 'மெக்கானிக்கல் ஃபீல்' என்றிருந்தால் பெரும்பாலும் உள்ளே மெம்பிரேன்தான், அதாவது அந்த ரப்பர் ஷீட் வகை. மெக்கானிக்கல் என்றால் ஒவ்வொரு கீக்கும் அடியில் தனிச் சுவிட்ச் இருக்க வேண்டும். எந்த சுவிட்ச் என்று போடவில்லையா, வாங்காதீர்கள். லைட்டே இல்லாத அசல் மெக்கானிக்கல் நம்ம ஊரில் ரொம்ப காலமாகவே இருக்கிறது. பில் போடும் கடையிலும் டிடிபி சென்டரிலும் சடசடவென்று தட்டுவார்களே, அந்த டிவிஎஸ் கோல்டு! அதில் இருந்தது செர்ரி கம்பெனியின் நீல சுவிட்ச்.

சுவிட்சின் கலரை வைத்து அதன் குணத்தைச் சொல்லலாம். நீலம் 'கிளிக்' என்று சத்தம் போடும். ஹாஸ்டலில் ராத்திரி அதைத் தட்டினால் பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து வருவான். பிரவுனில் விரலுக்கு ஒரு சின்னத் தடை தெரியும், சத்தம் குறைவு. சிவப்பு தடையில்லாமல் இறங்கும். செர்ரி சிவப்பு மொத்தம் 4 மி.மீ. இறங்கும், 2 மி.மீ.-லேயே எழுத்து விழுந்துவிடும். முதல் கீபோர்டுக்கு நான் பிரவுன்தான் சொல்வேன். முடிந்தால் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் சைஸ். டேலி சாஃப்ட்வேரில் கணக்குப் போடுகிற ஒருவர் அழகாக இருக்கிறதென்று '60 சதவீதம்' என்கிற குட்டி கீபோர்டு வாங்கிவிட்டார். அதில் நம்பர் பேட் கிடையாது, எஃப்8-க்குத் தனி கீயும் கிடையாது. டேலியில் சேல்ஸ் வவுச்சருக்கு எஃப்8-தான், அதனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு கீயை அமுக்குகிறார். தமிழ் டைப் அடிக்கிற தமிழ்99 முறைக்குத் தனிக் கீபோர்டு தேடி அலையவும் வேண்டாம். அது சாஃப்ட்வேர் சமாச்சாரம்.

ஹாட்-ஸ்வாப் இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்குங்கள். ஒரு சுவிட்ச் போனால் பற்றவைக்காமல் நீங்களே மாற்றலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். மாற்றும்போது சுவிட்சின் அடியில் இருக்கும் உலோகக் கால்கள் வளையாமல் நேராக இறக்குங்கள்.

காபி கொட்டினால் முதலில் வயரைப் பிடுங்கிக் கவிழ்த்து வையுங்கள். சுவிட்சுக்குள் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். அதற்கப்புறம் என்னிடம் கொண்டுவந்தும் பிரயோஜனமில்லை.